கீபோர்டு ட்ரே: வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

நம் மேசைகள் இன்னும் பேனா காலத்து உயரத்திலேயே நிற்கின்றன. சாதாரண மேசை ஒன்று தரையிலிருந்து 73 முதல் 76 செ.மீ. உயரம் இருக்கும். காகிதத்தில் எழுதுவதற்கு அது வசதிதான். காகிதம் கண்ணுக்குச் சற்று அருகே வரும், குனிவது குறையும். தட்டச்சு செய்யும் கைக்கு அதே உயரம் அதிகம். தட்டச்சுப் பொறி புழக்கத்தில் இருந்த நாட்களில் அலுவலகங்களில் இது தெரிந்த விஷயம். பொறி வைப்பதற்கென்று, எழுதுமேசையைவிடச் சில அங்குலம் தாழ்வாகத் தனி மேசை போட்டார்கள். கணினி வந்ததும் அந்தத் தாழ்மேசையை ஓரங்கட்டிவிட்டு, திரை, கீபோர்டு, மவுஸ் எல்லாவற்றையும் எழுதுமேசையின் மேலேயே ஏற்றிவிட்டோம்.

அப்போது விட்டுப்போன சில அங்குலத்தைத் திருப்பித் தருவதுதான் கீபோர்டு ட்ரேயின் வேலை. மேசைக்கு அடியில் பொருத்தி, கீபோர்டையும் மவுஸையும் உங்கள் முழங்கை மட்டத்துக்கு இறக்கிவைக்கும் ஒரு பலகை, அவ்வளவுதான். மேசை மேல் இடம் மிச்சமாகும் என்று இதை வாங்குபவர்கள் நிறையப் பேர். இடம் மிச்சமாவது உண்மை. ஆனால் அதை மட்டும் பார்த்து வாங்கினால், முழங்காலில் இடிக்கும், தட்டும்போதெல்லாம் ஆடும் ஒரு பலகையை மேசைக்கு அடியில் தொங்கவிட்ட கதையாகத்தான் முடியும். உயரமும் சாய்வும் பொருந்தாத ட்ரேயைவிட வெறும் மேசையே மேல்.

உயரம் கூடினால் என்ன ஆகிறது?

கீபோர்டு முழங்கையைவிட மேலே இருந்தால், உடம்பு அந்த வித்தியாசத்தை எங்காவது ஈடுகட்டியாக வேண்டும். முதலில் தோள்கள் மேலே ஏறும். நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள். கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் உள்ள தசை மாலையில் கல்லாக இறுகியிருக்கும்போதுதான் தெரியும். தோளை ஏற்றாதவர்கள் முழங்கைகளை இறக்கை போல இருபுறமும் விரிப்பார்கள். இரண்டும் செய்யாதவர்களுக்கு மணிக்கட்டு மாட்டிக்கொள்ளும்: முன்கை கீழிருந்து மேல்நோக்கி ஏற, விரல்கள் விசைகளைத் தொடுவதற்காக அது மடங்கியே நிற்கும். போதாததற்கு மேசையின் கூர்மையான விளிம்பு மணிக்கட்டின் அடிப்புறத்தில் அழுந்தும்.

மணிக்கட்டு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே இடம் மிகக் குறைவு. எலும்புகளும் ஒரு கெட்டியான தசைநாரும் சேர்ந்து அமைக்கும் ஒரு குறுகிய வழியின் ஊடாக, விரல்களை மடக்கும் 9 நாண்களும் ஒரு முக்கிய நரம்பும் போகின்றன. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சி தருவது அந்த நரம்புதான். மணிக்கட்டை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ மடக்கினால் அந்த வழிக்குள் அழுத்தம் கூடுகிறது. நேராக வைத்தால் குறைகிறது. நல்ல ட்ரே என்று சொல்லப்படுவதெல்லாம் கடைசியில் இந்த ஒன்றுக்காகத்தான்: தோள் தளர்ந்து, மேற்கை உடம்பை ஒட்டித் தொங்கி, முன்கையிலிருந்து புறங்கை வரை ஒரே கோடாக இருக்க வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ட்ரே ஒரு சிகிச்சைக் கருவி கிடையாது. விரல்கள் மரத்துப்போவதும், இரவில் கை எரிச்சலில் விழிப்பு வருவதும், பொருட்கள் கைநழுவி விழுவதும் தொடர்ந்தால் மருத்துவரைப் பார்ப்பதுதான் வழி. மேசையைச் சரிசெய்வது அதற்குத் துணையாக இருக்கலாம், மாற்றாகாது.

உங்கள் கையிருப்பு எத்தனை செ.மீ.?

ட்ரே பற்றிய எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வருவது ஓர் இஞ்ச் டேப். விற்பனைப் பக்கத்தில் உள்ள படங்களைப் பார்ப்பதற்கு முன்பே ஐந்தாறு அளவுகளை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நீங்களே அளந்தால் குனிவதில் அளவு மாறிவிடும். வேறொருவரை அளக்கச் சொல்வது நல்லது.

வழக்கமாக வேலை செய்யும் நாற்காலியில், வழக்கமான காலணியோடு, அல்லது வெறுங்காலோடு, எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்காருங்கள். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும். தோளை ஒருமுறை காதுவரை ஏற்றி, அப்படியே விழ விடுங்கள். மேற்கை தானாகத் தொங்கட்டும். முழங்கையைச் செங்கோணத்துக்கு மடக்குங்கள். இப்போது தரையிலிருந்து முழங்கையின் அடிப்புறம் வரை ஓர் அளவு. தரையிலிருந்து தொடையின் மிக உயர்ந்த பகுதி வரை இன்னோர் அளவு. பிறகு மேசையின் மேற்பரப்பு உயரம், மேசைப் பலகையின் தடிமன், கீபோர்டின் நடு வரிசை அது இருக்கும் பரப்பிலிருந்து எவ்வளவு உயரம் என்பது. நடு வரிசை என்பது விரல்கள் ஓய்வாக அமரும் இரண்டாம் எழுத்து வரிசை; அதில் எஃப், ஜே விசைகள் மேல் சிறு மேடு இருக்கும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். முழங்கை தரையிலிருந்து 64 செ.மீ. தொடையின் மேற்புறம் 56 செ.மீ. மேசை 75 செ.மீ., பலகைத் தடிமன் 2.5 செ.மீ., ஆக மேசையின் அடிப்புறம் 72.5 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. கீபோர்டின் நடு வரிசை 3 செ.மீ. உயரம்.

நடு வரிசை முழங்கை மட்டத்தில் அல்லது அதற்கு ஓரிரண்டு செ.மீ. கீழே இருப்பது வசதி. 63 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், ட்ரேயின் மேற்பரப்பு 60 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அதாவது மேசையின் அடிப்புறத்திலிருந்து 12.5 செ.மீ. கீழே. இது ஒரு எண். பலகை 1 செ.மீ. தடிமன் என்றால் அதன் அடிப்புறம் 59 செ.மீ.யில் வரும், தொடைக்கும் பலகைக்கும் நடுவே 3 செ.மீ. இடைவெளி மிஞ்சும். போதும், ஆனால் தாராளம் இல்லை.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒன்று ஒளிந்திருக்கிறது. முழங்கைக்கும் தொடைக்கும் இடையில் இருப்பது வெறும் 8 செ.மீ. நாற்காலியை ஏற்றினாலும் இறக்கினாலும் இந்த 8 மாறாது, ஏனென்றால் முழங்கையும் தொடையும் சேர்ந்தே ஏறி இறங்கும். கீபோர்டின் உயரம், பலகையின் தடிமன், அடியில் உள்ள இரும்பு அமைப்பு, தொடை அசைய வேண்டிய இடம், நான்கும் இந்த 8 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். இதுதான் உங்கள் கையிருப்பு. 2.5 செ.மீ. தடிமனான மரப்பலகை ட்ரே ஒன்றை வாங்கினால், கையிருப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தப் பலகைக்கே போய்விடும். உயரமான மெக்கானிக்கல் கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நெருக்கடி. அதன் நடு வரிசை 3.5 செ.மீ.யைத் தாண்டுவது சாதாரணம். ட்ரே மாற்றுவதைவிட, 2 செ.மீ. உயரமுள்ள தட்டையான கீபோர்டு வாங்குவது சிலருக்கு நல்ல தீர்வாக இருப்பதும் இதனால்தான்.

மெல்லிய பலகைகளைத் தேடும்போது ஃபினாலிக் என்ற பெயர் கண்ணில் படும். பிசின் ஊட்டிய காகித அடுக்குகளை அழுத்திச் செய்த கெட்டியான தகடு அது; 6 முதல் 8 மி.மீ. தடிமனிலேயே வளையாமல் நிற்கும். தொடைக்கு இடம் குறைவாக உள்ளவர்கள் பலகையின் நிறத்துக்கு முன்னால் இந்தத் தடிமனைப் பார்ப்பது நல்லது.

ட்ரே வேண்டாதவர்கள்

கணக்குப் போட்ட பிறகு சிலருக்கு ட்ரேயே தேவைப்படாது. உயரமானவர்களின் முழங்கை சில சமயம் மேசை மட்டத்துக்கே வந்துவிடும். மற்றவர்கள் நாற்காலியை முழங்கை மேசைக்குச் சமமாகும் வரை ஏற்றி, பாதத்துக்கு அடியில் உறுதியான கால்மணை வைத்துக்கொள்ளலாம். மலிவான வழி, துளை போட வேண்டாம். ஆனால் நாற்காலியில் உருண்டு அங்குமிங்கும் போகிறவர்களுக்குக் கால்மணை ஒரு தொல்லை; கால் ஒரே இடத்தில் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும்.

உயரம் மாற்றக்கூடிய மின்மேசை இருந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பதும் முழு உண்மையில்லை. அந்த மேசை எவ்வளவு கீழே இறங்கும் என்று பாருங்கள். கால்கள் இரண்டு அடுக்காக உள்ள பல மேசைகள் 70 செ.மீ. அருகிலேயே நின்றுவிடும். மூன்று அடுக்குக் கால்கள் கொண்டவை 60 முதல் 65 செ.மீ. வரை இறங்கும். மேலே சொன்ன உதாரணத்து ஆளுக்கு முதல் வகை மேசையும் உயரம்தான்.

மடிக்கணினியை மட்டும் வைத்து வேலை செய்பவர்கள் ட்ரேயில் அதைத் தூக்கி வைப்பதில் பயனில்லை. கை சரியாகும், திரை மடிக்கு இறங்கி, கழுத்து தொங்கிப்போகும். தனி கீபோர்டு ஒன்றை ட்ரேயில் வைத்து, மடிக்கணினியை மேசைமேல் உயர்த்தி வைத்தால்தான் இரண்டும் பொருந்தும்.

இன்னொரு வகையினர், நாளில் பாதி நேரம் காகிதத்தில் எழுதுபவர்கள். ட்ரேயை இழுத்தால் மேசை எட்டாது, தள்ளினால் கீபோர்டு எட்டாது. அவர்களுக்கு நான் ட்ரேயைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்று வகைகள்

சந்தையில் பெயர்கள் எத்தனை இருந்தாலும் அமைப்பில் மூன்று வகைதான்.

முதலாவது இழுப்பறை வகை. இரண்டு பக்கமும் சேனல் அடித்து, பலகை முன்னும் பின்னும் ஓடும். கணினி மேசை என்று விற்கப்படுபவற்றில் ஏற்கெனவே இருப்பது இதுதான். உயரம் மாறாது, சாய்வு கிடையாது. கீபோர்டு உள்ளே நுழைவதற்குத் தேவையான அளவு மட்டுமே மேசையிலிருந்து கீழே தொங்கும். நம் உதாரணத்தில் 12.5 செ.மீ. தேவை, இது அந்த ஆழத்துக்குப் பெரும்பாலும் இறங்காது. பக்கத்துச் சட்டங்கள் தொடையைத் தட்டும். இந்த வகை யாருக்கும் பொருந்தாது என்று சொல்லவில்லை. உங்கள் எண்ணுக்கும் அதன் எண்ணுக்கும் தற்செயலாகப் பொருத்தம் அமைந்தால் நன்றாகவே உழைக்கும்.

இரண்டாவது கிளாம்ப் வகை. மேசையின் முன்விளிம்பைக் கவ்விப் பிடித்து நிற்கும். துளை போடக் கூடாத வாடகை மேசைக்கும் அலுவலக மேசைக்கும் இது ஒன்றே வழி. கிளாம்பின் வாய் எவ்வளவு தடிமன் வரை திறக்கும் என்பதும், மேசை விளிம்புக்கு அடியில் அது கவ்வுவதற்குத் தட்டையான இடம் இருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியவை. விளிம்புக்கு அடியில் குறுக்குச் சட்டமோ இழுப்பறையோ இருந்தால் கிளாம்ப் நிற்காது. மேசையின் மேற்புறத்தில் இரண்டு இரும்புக் கவ்விகள் துருத்திக்கொண்டிருக்கும் என்பதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலானவற்றில் உயரம் மாற்ற முடியாது; சிலவற்றில் இரண்டு மூன்று படிகள் உண்டு.

மூன்றாவது, கையுள்ள ட்ரே. எர்கோனாமிக், அதாவது உடலமைப்புக்கு ஏற்றது, என்ற அடைமொழிக்கு உண்மையிலேயே தகுதி உள்ளது இதற்கு மட்டும்தான் என்பது என் கருத்து. மேசையின் அடியில் நடுவில் ஒரே ஒரு சேனல். அதில் ஓடும் ஓர் இரும்புக் கை. கையின் முனையில் பலகை. கை ஏறும், இறங்கும், இடமும் வலமும் திரும்பும், பலகை சாயும். உயரத்தை மாற்றும் முறையில் சின்ன வேறுபாடுகள் உண்டு. சிலவற்றில் குமிழைத் தளர்த்தி, இடம் வைத்து, மீண்டும் இறுக்க வேண்டும். சிலவற்றில் லீவர். வேறு சிலவற்றில் பலகையின் முன்நுனியைச் சற்று உயர்த்தினால் பிடி விடும்; வேண்டிய உயரத்தில் விட்டால் தானாகப் பூட்டிக்கொள்ளும். ஒரே ஆள் ஒரே நாற்காலியில் உட்காரும் இடத்தில் குமிழ் போதும், ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். ஒரு மேசையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் தானாகப் பூட்டும் வகைக்குக் கூடுதலாகச் செலவழிப்பது நியாயம். ஏனென்றால் குமிழைத் திருக வேண்டியிருந்தால் யாரும் திருக மாட்டார்கள், முந்தைய ஆளின் உயரத்திலேயே வேலை செய்துவிட்டுப் போவார்கள்.

வாங்கும்போது, கை எவ்வளவு கீழே இறங்கும் என்ற எண்ணைத் தேடுங்கள். அந்த எண் எங்கிருந்து எங்கே அளந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: சேனலிலிருந்தா, மேசையின் மேற்பரப்பிலிருந்தா, பலகையின் மேல்பக்கம் வரையா, அடிப்பக்கம் வரையா? இந்தக் குழப்பத்தில் 3, 4 செ.மீ. எளிதாகக் காணாமல் போகும். நின்றபடி வேலை செய்வதற்காக மேசைக்கு மேலும் நிறைய உயரும் கைகள் தனியாக உண்டு. உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு அது தேவையில்லாத எடை.

சாய்வு எந்தப் பக்கம்?

கீபோர்டுகளின் பின்பக்கத்தில் இரண்டு சின்ன மடிப்புக் கால்கள் இருக்கும். விரித்தால் பின்பக்கம் உயர்ந்து விசைகள் நன்றாகத் தெரியும். எழுத்தைப் பார்த்துத் தட்டுபவருக்கு அது உதவி. மணிக்கட்டுக்கோ அது நேர் எதிர்: பின்பக்கம் உயர உயர, கை பின்னால் மடங்கும். பைசா செலவில்லாமல் இன்றே செய்யக்கூடிய திருத்தம் அந்தக் கால்களை மடக்கிவிடுவது.

ட்ரேயில் இன்னும் ஒரு படி போகலாம். பலகையின் பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம், அதாவது உங்கள் பக்கம், உயர்ந்து இருக்கும்படி சாய்க்கலாம். விற்பனைப் பக்கங்களில் இதை நெகட்டிவ் டில்ட் என்று போட்டிருப்பார்கள். கேட்கும்போது விசித்திரமாகத் தோன்றும், விசைகள் நம்மைவிட்டு விலகிச் சரிவது போல. ஆனால் முழங்கைக்குச் சற்றுக் கீழே கீபோர்டு இருக்கும்போது முன்கையும் முழங்கையிலிருந்து விரல்நுனிக்குச் சரிந்துதானே இறங்குகிறது? கீபோர்டும் அதே சரிவில் இருந்தால் மணிக்கட்டு மடங்க வேண்டிய அவசியமே இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஹெட்ஜ் 1990களில் இதை ஆராய்ந்தார். பின்பக்கம் தாழ்ந்த கீபோர்டில் மணிக்கட்டு பின்னால் மடங்குவது குறைந்ததை அவரது ஆய்வுகள் காட்டின.

எவ்வளவு சாய்வு என்று கேட்டால், 5 முதல் 10 பாகை வரை பலருக்கும் போதும். கையுள்ள ட்ரேக்களில் பல 15 பாகை வரை போகும். நாற்காலியில் சற்றுப் பின்சாய்ந்து உட்காருபவர்களுக்குக் கணக்கு வேறு: முதுகு பின்னால் போகும்போது முன்கையும் சற்று நிமிரும், சாய்வு குறைவாகத் தேவைப்படும். எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். பக்கத்திலிருந்து ஒரு புகைப்படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருந்தால் அதுதான் உங்கள் சாய்வு.

சாய்வுக்கு ஒரு விலையும் உண்டு. பலகையின் பின்பகுதி கீழே இறங்கும்போது, அங்கேதான் இரும்புக் கை இணையும் தடித்த பகுதியும் இருக்கிறது, உங்கள் முழங்காலும் இருக்கிறது. தொடைக்கு இடம் அளக்கும்போது முழங்காலையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

மவுஸை மேசையில் விட்டுவிடாதீர்கள்

ட்ரே வாங்கியவர்கள் செய்யும் தவறுகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். கீபோர்டு மட்டும் அடங்கும் சின்னப் பலகையை வாங்கிவிட்டு, மவுஸை மேசை மேலேயே வைத்திருப்பார்கள். ட்ரேயை இழுத்துவிட்டதால் உடம்பு மேசையைவிட்டு ஓரடி பின்னால் வந்துவிட்டது. மவுஸோ அங்கேயே, உயரத்தில். ஒவ்வொரு முறையும் கையை மேலே தூக்கி முன்னால் நீட்டிப் பிடிக்க வேண்டும். ட்ரே இல்லாதபோது இருந்ததைவிடத் தோள் மோசமாகும். கீபோர்டும் மவுஸும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். இதில் சலுகை கிடையாது.

எண் விசைகளோடு கூடிய முழு கீபோர்டு 43 முதல் 45 செ.மீ. அகலம். அதன் பக்கத்தில் மவுஸ் நடமாட 20 செ.மீ.யாவது வேண்டும். அதனால்தான் 68 செ.மீ., அதாவது 27 அங்குலப் பலகை பரவலாகக் கிடைக்கிறது. ஆனால் அகலம் கூடுவதால் பிரச்சினை முழுதாகத் தீராது. தட்டும்போது உடம்புக்கு நேர் நடுவில் இருக்க வேண்டியது எழுத்துப் பகுதி. ஜி, எச் விசைகளுக்கு இடையில் ஒரு கோடு போட்டால் அது தொப்புளுக்கு நேராக வர வேண்டும். அப்படி வைத்ததும் எண் பகுதி முழுவதும் வலப்பக்கம் தள்ளிப்போய், மவுஸ் அதற்கும் அப்பால் போய்விடும். வலதுகை எப்போதும் வெளிப்பக்கம் நீண்டபடி இருக்கும்.

இதற்கு மூன்று வழிகள். எண் விசைகள் இல்லாத, ஏறத்தாழ 36 செ.மீ. அகலக் கீபோர்டுக்கு மாறுவது. எண்கள் அதிகம் தட்டாதவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. இரண்டாவது, மவுஸுக்கென்று தனித் தட்டு உள்ள ட்ரே. அந்தத் தட்டு கீபோர்டு மட்டத்தைவிடச் சற்று உயர்ந்து, எண் பகுதியின் மேலேயே திரும்பி நிற்கும். எண் தட்ட வேண்டிய நேரத்தில் ஒதுக்கிவிடலாம். மூன்றாவது, மவுஸை இடக்கைக்கு மாற்றுவது. சிலருக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது.

பலகையைச் சாய்த்தால் மவுஸ் சரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். தனி மவுஸ் தட்டு இருந்தால் அதைத் தட்டையாக வைத்துக்கொள்ளலாம். ஒரே பலகை என்றால் பின்விளிம்பில் சிறு தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாகப் பிரிந்த கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு அகலத்தோடு ஆழமும் தேவை. அவற்றின் உள்ளங்கை மேடை பல பலகைகளில் முன்னால் துருத்தி நிற்கும்.

உள்ளங்கைத் திண்டு பற்றியும் ஒரு வரி. பல ட்ரேக்களில் முன்விளிம்பை ஒட்டி ஒரு மெத்தை வரும். அது தட்டுவதை நிறுத்தி யோசிக்கும் நேரத்தில் கையை இளைப்பாற வைப்பதற்கு. மணிக்கட்டை அதில் ஊன்றிக்கொண்டே தட்டினால், தவிர்க்க வந்த அழுத்தத்தை நாமே கொண்டுவந்து கொடுத்ததாகும். ஊன்றுவது மணிக்கட்டாக இல்லாமல் உள்ளங்கையின் அடிமேடாக இருக்கட்டும்.

மேசைக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள்

ட்ரேயைத் திருப்பி அனுப்ப வேண்டி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் மேசையின் அடிப்புறத்தில்தான் இருக்கும். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பாருங்கள்.

முன்விளிம்பிலிருந்து முதல் தடை வரை எத்தனை செ.மீ. என்று அளக்க வேண்டும். தடை என்பது குறுக்குச் சட்டம், இரும்புக் குழாய், பின்பலகை, ஒயர்த் தட்டு எதுவாகவும் இருக்கலாம். உயரம் மாற்றும் மேசைகளில் நடுவே குறுக்குக் குழாய் இருப்பது வழக்கம். கையுள்ள ட்ரேயின் சேனல் வழக்கமாக 53 முதல் 56 செ.மீ. நீளம் வரும், 43 செ.மீ. வகையும், ஆழம் குறைந்த மேசைகளுக்காக இன்னும் குட்டையான வகைகளும் உண்டு. குட்டைச் சேனல் போட்டால் ட்ரே முழுவதும் உள்ளே போகாது. முன்பகுதி எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அறை சிறியது என்றால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். முன்விளிம்பை ஒட்டி ஒரு சட்டம் கீழே தொங்கினால், அந்த உயரத்துக்கு மரக்கட்டை வைத்துச் சேனலைக் கீழிறக்கிப் பொருத்தலாம். எப்படியும் நாம் கீழேதானே போக வேண்டும், அதனால் இதில் இழப்பு இல்லை.

அடுத்தது பலகையின் பொருள். கெட்டி மரம், பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை மூன்றும் 18 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் திருகைப் பிடித்துக்கொள்ளும். மரத்துகள்களை ஒட்டி அழுத்திய பார்ட்டிகிள் போர்டும் தாங்கும், ஆனால் மன்னிக்காது: முதலில் மெல்லிய துளை போட்டு, பிறகு கையால் திருக வேண்டும்; மின்திருப்புளியால் ஒரு சுற்று அதிகமாகிவிட்டால் உள்ளே தூளாகி, திருகு சும்மா சுற்றும். நடுவில் காகிதத் தேன்கூடு அடைத்த எடை குறைந்த மேசைகள் இருக்கின்றன. விரல் முட்டியால் தட்டினால் பொள்ளென்று கேட்கும், தூக்கினால் இறகாக வரும். அவற்றில் திருகு நிற்காது. கண்ணாடி மேசை இந்த ஆட்டத்திலேயே இல்லை. கிளாம்ப் போட்டு ஒரே புள்ளியில் அழுத்தம் கொடுப்பதும் அதற்கு நல்லதில்லை.

திருகின் நீளம், பலகைத் தடிமனைவிடக் குறைவாக இருக்கட்டும். 18 மி.மீ. பலகைக்கு உள்ளே போகும் பகுதி 15 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. துளைக்கும் கம்பியில் அந்த அளவில் ஒரு துண்டு டேப் சுற்றிவிட்டால் அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். மேசையின் மேற்பரப்பில் திருகு முனை எட்டிப் பார்த்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை.

உறுதியைப் பற்றி விற்பனைப் பக்கங்கள் அதிகம் பேசாது. பலகை முன்னால் நீட்டிக்கொண்டு ஒரே கையில் தொங்குகிறது. அதன் முன்நுனியில் கொடுக்கும் சிறு அழுத்தமும் சேனலின் திருகுகளை நெம்பும். கடையில் பார்க்க முடிந்தால், முழுதாக வெளியே இழுத்து, வழக்கமான வேகத்தில் தட்டிப் பாருங்கள். கொஞ்சம் அதிர்வது இயல்பு. கீபோர்டு குதித்தால் வேண்டாம். வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரு பழக்கத்தை விட வேண்டும்: நாற்காலியிலிருந்து எழும்போது ட்ரேயில் கையூன்றி எழுவது.

பொருத்திய பிறகு

ட்ரேயை இழுத்து உட்கார்ந்ததும் திரை தூரமாகப் போயிருக்கும். 25, 30 செ.மீ. பின்னால் வந்திருக்கிறீர்கள். எழுத்து தெரியாமல் கழுத்தை முன்னால் நீட்ட ஆரம்பித்தால், கையில் மிச்சப்படுத்தியது கழுத்தில் செலவாகிவிடும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம், ஏறக்குறைய 50 முதல் 75 செ.மீ., பலருக்கும் ஒத்துவரும். திரையை முன்னால் நகர்த்துங்கள்; அதன் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்கட்டும். இருபார்வைக் கண்ணாடி அணிபவர்கள் திரையை இன்னும் தாழ்த்த வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் முகவாயைத் தூக்கிக்கொண்டே படிப்பார்கள்.

நாற்காலியின் கைப்பிடிகள் ட்ரேயில் மோதும். ட்ரேயின் முன்விளிம்பும் கைப்பிடியும் ஒரே உயரத்தில்தான் வந்து சேரும், ஏனென்றால் இரண்டுமே முழங்கையை நோக்கி வருகின்றன. கைப்பிடியை இறக்க முடிந்தால் இறக்குங்கள், பின்னால் தள்ள முடிந்தால் தள்ளுங்கள், எதுவும் முடியாவிட்டால் கழற்றிவிடுங்கள். கைப்பிடி இடித்து நீங்கள் கீபோர்டிலிருந்து தள்ளி உட்கார்ந்தால், இவ்வளவு அளந்ததற்கும் பலன் இருக்காது.

கீபோர்டு ஒயர் உள்ளது என்றால், ட்ரே முழுதாக வெளியே வரும் தூரத்துக்கும் மேல் ஒரு சாண் தளர்வு விட்டு, சேனலில் சிக்காதபடி ஓரமாகக் கட்டிவிடுங்கள். உள்ளே தள்ளும்போது கீபோர்டின் பின்பக்கம் மேசையில் இடிக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். சாய்த்து வைத்த ட்ரேயில் உயர்ந்து நிற்பது உங்கள் பக்கத்து விளிம்பு என்பதால், திண்டும் முன்வரிசை விசைகளும்தான் முதலில் உரசும். சிலர் உள்ளே தள்ளுவதற்காகவே ஒவ்வொரு மாலையும் ட்ரேயை இறக்கி, காலையில் மறுபடி ஏற்றுவார்கள். அப்படித் தேவைப்பட்டால், சரியான உயரத்தை இரும்புக் கையின் பக்கத்தில் ஒரு பேனாக் கோடாகக் குறித்துவிடலாம். நல்ல மாடல்களில் இதற்கென்றே எண் முத்திரை இருக்கும்.

முதல் சில நாட்களுக்கு உயரத்தை அரை செ.மீ., ஒரு செ.மீ. என்று மாற்றிப் பார்த்துக்கொண்டே இருங்கள். இஞ்ச் டேப் சொன்ன எண் தொடக்கப் புள்ளி; மதியத்துக்கு மேல் நீங்கள் நாற்காலியில் எப்படிச் சரிகிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. புதிதாக இறுக்கிய திருகுகள், முக்கியமாகப் பார்ட்டிகிள் போர்டில் உள்ளவை, தினசரி இழுப்பில் கொஞ்சம் தளரும். ஒரு மாதம் கழித்துத் திருப்புளியோடு மேசைக்கு அடியில் போய், சேனலின் முன்முனைத் திருகுகளிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் இறுக்கிவிடுங்கள்.